கம்பெனி வருமானவரிக் கணக்கு உதைக்கிறதா? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

விற்பனை பொருந்தும், சரக்கிருப்பு பொருந்தும், வங்கிக் கணக்கு பைசா பிசகாமல் பொருந்தும். கடைசியில் வருமானவரி என்ற ஒற்றை வரியில் வந்து கணக்கு உதைக்கும். சிறிய, நடுத்தர பிரைவேட் லிமிடெட் கம்பெனிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடித்துக் கொடுப்பவர்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் இப்படித்தான் கழிகின்றன. கம்பெனி மாறும், தொழில் மாறும், கோளாறு மட்டும் அதேதான். அதன் வேர் பெரும்பாலும் பேரேட்டில் இருக்கும். சட்டப் புத்தகத்தைத் திறக்க வேண்டிய சந்தர்ப்பம் நாம் பயப்படும் அளவுக்கு வருவதில்லை.

இங்கே எடுத்துக்கொள்வது இந்தியாவில் பதிவான, 115பிஏஏ பிரிவைத் தேர்ந்தெடுத்து 22% அடிப்படை விகிதத்தில் வரி கட்டும் ஒரு கம்பெனி. 10% சர்சார்ஜும் 4% செஸ்ஸும் சேர்ந்தால் அது 25.168%. கணக்கு வைப்பது வருமானவரிக்கான ஏஎஸ் 22 கணக்குத் தரநிலைப்படி. பெரிய கம்பெனிகளுக்கான இண்ட் ஏஎஸ் 12 தரநிலை பொருந்தும் கம்பெனிக்கு எங்கே வேறுபடும் என்பதை அங்கங்கே சொல்கிறேன். பிரிவு எண்களும் விதிகளும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொன்னவை. 2025-26 நிதியாண்டு வரைக்கும் அவைதான் செல்லும். 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்களும் சில விதிகளும் மாறிவிட்டன.

தொடங்குமுன் மேசையில் இருக்க வேண்டியவை: படிவம் 26ஏஎஸ் (நம் பான் எண்ணில் பிடித்த வரியின் அரசுப் பதிவு), ஏஐஎஸ் எனும் ஆண்டுத் தகவல் அறிக்கை, வரி கட்டிய சலான்கள், சென்ற ஆண்டு தாக்கல் செய்த ரிட்டர்னும் அதன் வருமானக் கணக்கீடும், 143(1) அறிவிப்பு (ரிட்டர்னைப் பரிசீலித்து வரித்துறை அனுப்புவது), கம்பெனிச் சட்டப்படியும் வருமானவரிச் சட்டப்படியும் போட்ட இரண்டு தேய்மானப் பட்டியல்கள், சென்ற ஆண்டு ஒத்திவைத்த வரிக்கு (கணக்குக்கும் வரிச் சட்டத்துக்கும் உள்ள கால வித்தியாசத்தால் பின்னால் கூடவோ குறையவோ போகும் வரி) போட்ட கணக்குத் தாள். கடைசியாகச் சொன்ன தாள் பல அலுவலகங்களில் கிடைக்காது. தேடி எடுங்கள். அது இல்லாமல் நான்காம் அறிகுறியில் கை வைப்பது வீண்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. காரணம் தெரியும்வரை வித்தியாசத்தைச் சரிக்கட்ட எந்தப் பதிவும் போடாதீர்கள். சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிய ஒவ்வொரு தொகையும் அடுத்த ஆண்டு வட்டியோடு திரும்பி வருகிறது.

அறிகுறி 1: டிடிஎஸ் பேரேட்டுத் தொகையும் 26ஏஎஸ் தொகையும் வேறு வேறு

டிடிஎஸ் என்பது பணம் கொடுப்பவரே பிடித்து நம் பெயரில் அரசுக்குக் கட்டும் வரி. முதலில் எது பெரியது என்று பாருங்கள். வழி அங்கேயே இரண்டாகப் பிரிகிறது.

26ஏஎஸ் பெரியது, பேரேடு சிறியது

காசு செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம். வாடிக்கையாளர் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருப்பார். கணக்கு எழுதியவர் வங்கிக்கு வந்த தொகையை மட்டும் வரவு வைத்திருப்பார். 1,00,000 ரூபாய் வேலைக்கு ஜிஎஸ்டி 18,000 சேர்த்து 1,18,000-க்கு பில். 2% டிடிஎஸ் போக வந்தது 1,16,000. மீதி 2,000 வாடிக்கையாளர் பேரேட்டில் வராத பாக்கியாக உட்கார்ந்திருக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: வரவேண்டிய பாக்கிப் பட்டியலை எடுத்து, பில் தொகையில் 2%, 10%, 0.1% என்று நிற்கும் சில்லறைப் பாக்கிகளைத் தேடுங்கள். 0.1% என்றால் அது 194க்யூ, அதாவது சரக்கு வாங்கியவர் பிடித்தது. ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டிய பில்லில் டிடிஎஸ் அடிப்படைத் தொகைக்கு மட்டும்தான் பிடிக்க வேண்டும் என்பதால், சதவீதத்தை ஜிஎஸ்டி இல்லாத தொகையில் போட்டுப் பாருங்கள். டிடிஎஸ் பேரேட்டில் பற்று, வாடிக்கையாளருக்கு வரவு. முடிந்தது.

அடுத்த சந்தேகம் வங்கி வைப்புத்தொகை. வங்கி வட்டியைக் காலாண்டுதோறும் கணக்கில் ஏற்றி டிடிஎஸ் பிடித்துவிடும். கம்பெனியோ முதிர்வு நாளில்தான் எழுதுவோம் என்று காத்திருக்கும். இங்கே டிடிஎஸ்ஸை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அந்த வட்டி வருமானமும் இந்த ஆண்டுக்கே உரியது. கம்பெனிக்குச் சேர்ந்த அடிப்படையில்தான் கணக்கு, கைக்கு வந்த அடிப்படையில் அல்ல.

இரண்டும் இல்லையென்றால் ஆண்டு இடறல். மார்ச் 31-க்குள் செலவைக் காட்ட விரும்பிய வாடிக்கையாளர் நம் பில் வருமுன்பே டிடிஎஸ் பிடித்துக் கட்டியிருப்பார், நம் பில்லோ ஏப்ரலில் போட்டது. விதி 37பிஏ-இன்படி வரிக் கழிவு வருமானத்தின் பின்னால்தான் போகும். வருமானம் அடுத்த ஆண்டு என்றால் அந்த டிடிஎஸ்ஸை ரிட்டர்னில் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்வதாகக் காட்ட வேண்டும். 26ஏஎஸ்ஸில் இருக்கிறதே என்று இந்த ஆண்டே எடுத்தால் 143(1)-இல் அடிபடும்.

எல்லாவற்றுக்கும் பிறகும் தெரியாத பெயரில் வரவு இருந்தால், நம் பான் எண்ணில் யாரோ தவறாகப் போட்டது. ஏஐஎஸ்ஸில் மறுப்புப் பதிவு செய்யுங்கள். "கிடைத்தவரை லாபம்" என்று உரிமை கோராதீர்கள். அதற்கான வருமானம் எங்கே என்ற கேள்வி வரும்.

பேரேடு பெரியது, 26ஏஎஸ் சிறியது

தேதியைப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டின் டிடிஎஸ் அறிக்கைக்கு மே 31 வரை அவகாசம் உண்டு. டிடிஎஸ் பிடித்ததற்கான 16ஏ சான்றிதழுக்கு ஜூன் 15 வரை. ஏப்ரலில் 26ஏஎஸ்ஸைப் பார்த்துப் பதறுவதில் பொருளில்லை. ஜூன் மூன்றாவது வாரத்தில் மீண்டும் இறக்குங்கள்.

அப்போதும் வரவில்லையென்றால் வாடிக்கையாளருக்கு எழுத்தில் கேளுங்கள்: எந்தச் சலான், எந்தக் காலாண்டு, எந்தப் பான் எண். பான் எண்ணில் ஓர் எழுத்துப் பிழை என்றால் திருத்த அறிக்கை போட வேண்டியவர் அவர்தான், நம்மால் இயலாது. வருமானத்தைச் சென்ற ஆண்டே காட்டி வரியும் கட்டியாகிவிட்டது, அவரோ இந்த ஆண்டுதான் பிடித்தார் என்றால் படிவம் 71 இருக்கிறது. வரி பிடித்த நிதியாண்டு முடிந்து இரண்டு ஆண்டுக்குள் அதைப் போட வேண்டும்.

ஆடிட்டரை அழைக்கும் இடம்: வாடிக்கையாளர் பிடித்தார், ஆனால் அரசுக்குக் கட்டவில்லை. பிடித்த வரியை நம்மிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று பிரிவு 205 சொல்கிறது. ஆனால் ரிட்டர்னைப் பரிசீலிக்கும் கணினிக்கு 26ஏஎஸ் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். டிடிஎஸ் போக எஞ்சிய தொகைதான் நமக்கு வந்தது என்பதற்கு வங்கி அறிக்கை, பில், வாடிக்கையாளர் அனுப்பிய கணக்கு விவரம் மூன்றையும் திரட்டிக்கொண்டு அவரிடம் போங்கள்.

அறிகுறி 2: இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் பழைய வரித்தொகைகள் தேங்கி நிற்கின்றன

ஒரு பக்கம் "வருமானவரி ஒதுக்கீடு" நான்கு ஆண்டுத் தொகை. மறு பக்கம் "முன்கூட்டிய வரியும் டிடிஎஸ்ஸும்" நான்கு ஆண்டுத் தொகை. எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. நான் பார்த்தவரை மிகப் பரவலான நோய் இதுதான், இதற்கு மருந்தும் மிகச் சுலபம்.

டேலி கணக்கு மென்பொருளில் ஒரே "முன்கூட்டிய வரி" பேரேடு இருந்தால் அதை மதிப்பீட்டு ஆண்டு வாரியாகப் பிரியுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று பேரேடு: ஒதுக்கீடு, முன்கூட்டிய வரியும் சுயமதிப்பீட்டு வரியும், டிடிஎஸ். பிறகு ஒரு தாளில் ஆண்டுக்கொரு வரிசையாக எழுதுங்கள்: ஒதுக்கிய தொகை, ரிட்டர்னில் வந்த வரி, 143(1)-இல் வந்த வரி, கட்டியது, டிடிஎஸ், திரும்பி வந்தது.

143(1) அறிவிப்பு நமக்குச் சாதகமாக வந்து, வேறு நோட்டீஸ் எதுவும் நிலுவையில் இல்லாத ஆண்டை மூடிவிடலாம். ஒதுக்கீட்டுக்குப் பற்று, முன்கூட்டிய வரிக்கும் டிடிஎஸ்ஸுக்கும் வரவு, மீதி கூடவோ குறையவோ நின்றால் லாப நட்டக் கணக்கில் "முந்தைய ஆண்டுகளுக்கான வரி" என்ற தனி வரியில். அதை நடப்பு வரியோடு கலந்தால் அடுத்துச் சொல்லப்போகும் விகிதச் சோதனை கெட்டுவிடும்.

மூடவிடாமல் தடுப்பவை பெரும்பாலும் ரீஃபண்ட் சங்கதிகள்தான். வங்கியில் வந்த ரீஃபண்டை முழுதாக "இதர வருமானம்" என்று எழுதியிருப்பார்கள். அதில் அசல் பகுதி டிடிஎஸ் பேரேட்டைக் குறைக்க வேண்டும், மாதம் 0.5% கணக்கில் வந்த 244ஏ வட்டி மட்டுமே வருமானம், அதற்கு வரியும் உண்டு. ரீஃபண்ட் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்திருந்தால் பிரிவு 245-இன்கீழ் பழைய பாக்கிக்குப் பிடித்துக்கொண்டார்களா என்று இணையதளத்தில் பாருங்கள். பிடித்திருந்தால் அந்தப் பழைய ஆண்டின் வரிசையில் கட்டிய தொகையாகச் சேருங்கள்.

சலானையும் ஒரு பார்வை பாருங்கள். கம்பெனிக்கான வரித்தலைப்பு 0020. தனிநபர்களுக்கான 0021-இல் கட்டிவிட்டால் பணம் அரசிடம் இருக்கும், கம்பெனிக்குக் கழிவு வராது. மதிப்பீட்டு ஆண்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் அதே கதி. இணையதளத்திலேயே சலான் திருத்த வசதி உண்டு. அதற்கான அவகாசம் மிகக் குறைவு, கட்டிய வாரமே சரிபார்த்துவிடுங்கள். தவறவிட்டால் மதிப்பீட்டு அதிகாரியிடம் விண்ணப்பம் போட வேண்டியதுதான்.

நிலுவையில் வழக்கு உள்ள ஆண்டின் ஒதுக்கீட்டை மட்டும் தொடாதீர்கள். அந்த ஆண்டுகளின் பட்டியலோடு ஆடிட்டரிடம் போங்கள்.

அறிகுறி 3: லாபத்துக்கும் வரிக்கும் விகிதம் பொருந்தவில்லை

முதலாளி கேட்பார்: "நமக்கு 25% வரி என்றீர்கள், 31% காட்டுகிறதே?" பதில் சொல்லுமுன் ஒரு சோதனை. எண்களோடு பார்ப்போம்.

வரிக்கு முந்தைய லாபம் 80,00,000. புத்தகத் தேய்மானம் 12,00,000, வரிச் சட்டத் தேய்மானம் 15,00,000. ஆக 3,00,000 கழியும். கொடுக்காத கிராஜுவிட்டி ஒதுக்கீடு 2,00,000 கூடும். சிறுதொழில் நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி நிற்கும் பாக்கி 4,00,000 கூடும். தொழிலாளர் பங்கு பிஎஃப் தாமதமாகக் கட்டியது 60,000 கூடும். டிடிஎஸ் தாமத வட்டி 40,000 கூடும். வரிக்குரிய வருமானம் 84,00,000. நடப்பு வரி 21,14,112.

இவற்றில் முதல் மூன்றும் காலத்தால் மட்டும் தள்ளிப்போகும் வித்தியாசங்கள். நிகரம் 3,00,000, அதற்கு 25.168% என்றால் 75,504 ஒத்திவைத்த வரியாக வரவு. மொத்த வரிச் செலவு 20,38,608. லாபத்தில் 25.48%.

சோதனை இதுதான்: 80,00,000-க்கு நேர் விகிதத்தில் வரி 20,13,440. நம் செலவு அதைவிட 25,168 கூடுதல். அந்தக் கூடுதல், என்றுமே திரும்பாத 1,00,000 ரூபாய் வித்தியாசத்தின் (பிஎஃப் 60,000, வட்டி 40,000) வரிக்கு அப்படியே சமம். பைசா வரை சமமாக வந்தால் கணக்கு சரி, முதலாளிக்கு விளக்கமும் தயார். வராவிட்டால் எங்கோ ஒரு வித்தியாசம் நடப்பு வரியில் ஏறி, ஒத்திவைத்த வரியில் ஏறாமல் நிற்கிறது. இண்ட் ஏஎஸ் கம்பெனிகள் இந்த ஒப்பீட்டைக் குறிப்புகளில் அச்சிட்டே தீர வேண்டும். மற்றவர்களுக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் போட்டுப் பார்ப்பதுபோல் கோளாறைப் பிடிக்கும் வழி வேறில்லை.

உதைத்தால் பார்க்க வேண்டிய வரிசை:

முந்தைய ஆண்டு வரி இந்த ஆண்டில் கலந்திருக்கிறதா? இரண்டாம் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

முன்கூட்டிய வரி குறைந்ததற்கான 234பி, 234சி வட்டியை வரியோடு சேர்த்துவிட்டீர்களா? கம்பெனிச் சட்டத்தின் அட்டவணை மூன்று பற்றிய ஆடிட்டர்கள் கழகத்தின் வழிகாட்டுக் குறிப்பு அதை நிதிச் செலவில் தனியாகக் காட்டச் சொல்கிறது. வருமானக் கணக்கீட்டில் மறக்காமல் திரும்பக் கூட்டுங்கள். அதற்குக் கழிவு கிடையாது.

பிஎஃப் எந்தப் பெட்டியில் இருக்கிறது? தொழிலாளி சம்பளத்தில் பிடித்த பங்கை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால் அந்தக் கழிவு போனது போனதுதான். செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் இதை முடித்து வைத்துவிட்டது. நிறுவனத்தின் பங்கு அப்படியல்ல, 43பி-இன்கீழ் ரிட்டர்ன் கெடுவுக்குள் கட்டினால் அந்த ஆண்டே கிடைக்கும், தாண்டினால் கட்டிய ஆண்டில் கிடைக்கும். இரண்டையும் ஒரே வரியில் போட்டு ஒத்திவைத்த வரி கணக்கிட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். தேதிகளை வரித் தணிக்கை அறிக்கையான படிவம் 3சிடி-இன் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

43பி(எச்) தொகை சரியா? 2023-24 நிதியாண்டு முதல் இது வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத பாக்கிக்கு, கொடுத்த ஆண்டில்தான் கழிவு. கெடு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். பனியன் தொழிலில் சாயம், பிரிண்டிங், காஜா பட்டன் என்று எல்லா வேலையும் ஜாப் ஒர்க்கில் ஓடுவதால் திருப்பூர்க் கம்பெனிகளுக்கு இந்தத் தொகை கனமாகவே வரும். கணக்கில் இரண்டு தவறுகள் வாடிக்கை. ஒன்று, ஆண்டில் தாமதமாகக் கொடுத்த அத்தனை பில்லையும் கூட்டிவிடுவது. மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் எத்தனை நாள் தாமதமானாலும் அந்த ஆண்டே கழிவு உண்டு. இன்னொன்று, மார்ச் 31 பாக்கி முழுவதையும் கூட்டுவது. 45 நாள் ஒப்பந்தத்தில் பிப்ரவரி 20-இல் வந்த பில்லுக்கு ஏப்ரல் 3-இல் பணம் போயிருந்தால் கெடுவுக்குள்தான், கூட்ட வேண்டாம். நடுத்தர நிறுவனங்கள் இந்தப் பிரிவில் வரமாட்டா. வாங்கி விற்பது மட்டுமே தொழிலாகக் கொண்டவர்கள் உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழ் வைத்திருந்தாலும் வரமாட்டார்கள் என்பதே பரவலான கருத்து. பெரிய தொகை என்றால் அதை ஆடிட்டர் எழுத்தில் சொல்லட்டும்.

போனஸ் தேதி. இது நம் ஊர்ச் சிக்கல். போனஸ் தீபாவளிக்குத்தான் கொடுப்போம். இதற்கும் அதே 43பி-தான், ரிட்டர்ன் கெடுவோ சாதாரணமாக அக்டோபர் 31. தீபாவளி அக்டோபரில் வந்தால் தொந்தரவில்லை. 2023-இல் நவம்பர் 12-ஆம் தேதி வந்தது. நவம்பரில் கொடுத்தவர்களுக்கு அந்தக் கழிவு ஓர் ஆண்டு தள்ளிப்போனது. 2026-இலும் தீபாவளி நவம்பர் 8. போனஸ் பற்றிய தொழிலாளர் சட்டம் கணக்காண்டு முடிந்து எட்டு மாதம் தருகிறது, அதனால் தொழிலாளர் துறைப் பக்கம் குற்றமில்லை. வரிக் கணக்கில் மட்டும் கூட்டிக் காட்டி, ஒத்திவைத்த வரியும் போட வேண்டும். கெடு நீட்டிக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ரொக்கச் செலவு. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்குமேல் ரொக்கமாகக் கொடுத்தது 40ஏ(3)-இல் நிரந்தரமாகப் போகும் (லாரி வாடகைக்கு 35,000 வரை விடுவார்கள்). டிடிஎஸ் பிடிக்காத உள்நாட்டுச் செலவில் 30% மட்டும் 40(ஏ)(ஐஏ)-இல் போகும், டிடிஎஸ் கட்டிய ஆண்டில் திரும்பும். முன்னது நிரந்தரம், பின்னது தற்காலிகம்.

ஆடிட்டரை அழைக்கும் இடம்: வெளிநாட்டவருக்கு டிடிஎஸ் இல்லாமல் அனுப்பிய தொகை இருந்தால். அங்கே 30% இல்லை, முழுத் தொகையும் கூட்டப்படும். எந்த நாடு, எந்த ஒப்பந்தம் என்று பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

அறிகுறி 4: ஒத்திவைத்த வரி திடீரென்று குதிக்கிறது, அல்லது பக்கம் மாறி நிற்கிறது

முதல் சோதனைக்கு அரை நிமிடம் போதும். புத்தகத்தில் சொத்தின் மீதி மதிப்பு 60,00,000, வரிக் கணக்கில் 52,00,000 என்றால், கழிவை முன்னதாகவே வாங்கிவிட்டோம். பின்னால் வரி கூடும். எனவே 8,00,000-க்கு 2,01,344 ஒத்திவைத்த வரிப் பொறுப்பு. தலைகீழாக இருந்தால் வரிச் சொத்து. கம்ப்யூட்டர்கள் மிகுந்த மென்பொருள் கம்பெனியில் இரண்டும் மாறி மாறி வருவது இயல்பு: கம்பெனிச் சட்டம் மூன்றாண்டில் முடிக்கிறது, வரிச் சட்டம் மீதி மதிப்பில் 40% வீதம் நீட்டுகிறது.

பக்கம் சரி, தொகைதான் பூதமாக இருக்கிறது என்றால் நிலத்தைப் பாருங்கள். இருப்புநிலைக் குறிப்பின் நிலையான சொத்து மொத்தத்தை அப்படியே எடுத்து, வரித் தேய்மானப் பட்டியலின் மொத்தத்தோடு கழித்திருப்பார்கள். முன்னதில் நிலமும் முடிவடையாத கட்டுமானமும் உண்டு, பின்னதில் கிடையாது. ஏஎஸ் 22 கணக்கில் இரண்டையும் நீக்கிவிட்டுக் கழியுங்கள். பாதிப் பூதங்கள் இங்கேயே ஓடிவிடும்.

அடுத்தது தொடக்க இருப்பு. சென்ற ஆண்டு கணக்கு முடித்தபோது போட்ட வரித் தேய்மானம் ஒன்று, ரிட்டர்னில் தாக்கலானது வேறொன்று. 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்ட இயந்திரத்துக்குப் பாதி விகிதம் என்பதைக் கடைசி நேரத்தில் திருத்தியிருப்பார்கள். இந்த ஆண்டு தொடக்கம் ரிட்டர்ன்படி இருக்க வேண்டும். அந்தத் திருத்தத்தின் வரி விளைவை, நடப்பு வரி, ஒத்திவைத்த வரி இரண்டிலும் எதிரெதிராக எழுதுங்கள். ஒன்றில் மட்டும் எழுதினால் மூன்றாம் அறிகுறியின் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும்.

விகிதம் மாறியதா? பழைய முறையில் 25% அடிப்படையும் 7% சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 27.82% என்று வைத்திருந்த கம்பெனி 115பிஏஏ-க்கு மாறினால், தொடக்க இருப்பு முழுவதையும் 25.168%-க்கு மறுகணக்கிட வேண்டும். வரிப் பொறுப்பு வைத்திருந்தவருக்கு அந்த ஆண்டு லாபம்போல் தோன்றும், வரிச் சொத்து வைத்திருந்தவருக்கு அடி. கூடவே ஒன்றைப் பாருங்கள்: பழைய முறையில் சேர்த்துவைத்த மேட் (புத்தக லாபத்தின்மேல் போடும் குறைந்தபட்ச வரி) வரவு இருந்தால், 2025-26 நிதியாண்டு வரைக்கும் மாறியவர்கள் அதைப் பயன்படுத்த முடியாது. நேரடி வரிகள் வாரியம் 2019 அக்டோபரிலேயே தெளிவுபடுத்திவிட்டது. இன்னமும் அதைச் சொத்தாகக் காட்டும் இருப்புநிலைக் குறிப்புகள் இருக்கின்றன. எழுதித் தள்ளுங்கள்.

இண்ட் ஏஎஸ் கம்பெனியில் மட்டும் இன்னும் இரண்டு இடம். கிராஜுவிட்டியின் ஆக்சுவரி மறுமதிப்பீடு இதர முழுமை வருமானத்தில் போனால் அதன் வரியும் அங்கேதான் போக வேண்டும், லாப நட்டத்தில் அல்ல. குத்தகைக்கு இண்ட் ஏஎஸ் 116-இன்படி சொத்தும் பொறுப்பும் ஏற்றியிருந்தால் 2023 ஏப்ரல் முதல் இரண்டுக்கும் ஒத்திவைத்த வரி தேவை. மறுமதிப்பீடு செய்த நிலம், இணைப்பில் வந்த நற்பெயர் மதிப்பு என்று வந்துவிட்டால் நிறுத்திக்கொண்டு நிபுணரிடம் கொடுங்கள்.

அறிகுறி 5: நட்டக் கம்பெனி, ஆனால் பெரிய வரிச் சொத்து நிற்கிறது

இதை நான் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பேன். நட்டத்தைப் பாதியாகக் காட்ட இதைவிட வசதியான பதிவு வேறில்லை. வங்கிக்குக் கொடுக்கும் கணக்கில் இது அடிக்கடி தலைகாட்டுவது தற்செயல் என்று தோன்றவில்லை.

ஏஎஸ் 22-இன்படி முன்னெடுத்துச் செல்லும் நட்டத்துக்கும் தேய்மானத்துக்கும் வரிச் சொத்து வைக்க, எதிர்கால லாபம் ஏறக்குறைய உறுதி என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் வேண்டும். அடுத்த ஐந்தாண்டுத் திட்ட மதிப்பீடு என்ற எக்ஸெல் தாள் போதாது. தரநிலையே தரும் எடுத்துக்காட்டு, ரத்து செய்தால் பெரும் இழப்பீடு கொடுக்க நேரும் கட்டுறுதியான ஏற்றுமதி ஆர்டர். இண்ட் ஏஎஸ் 12 சற்று இளகியது என்றாலும், தொடர்ந்து நட்டப்பட்ட கம்பெனியிடம் அதுவும் நம்பத்தக்க வேறு சான்று கேட்கும்.

அதற்கும் முன்னால், அந்த நட்டம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டார்களா? தாமதமானால் வணிக நட்டத்தை எடுத்துச்செல்ல முடியாது. தேய்மானம் மட்டும் தப்பும். எட்டு ஆண்டு ஆகிவிட்டதா? பங்குதாரர்கள் மாறினார்களா? பிரைவேட் லிமிடெட்டில் 51% வாக்குரிமை அதே கைகளில் தொடராவிட்டால் பிரிவு 79 வணிக நட்டத்தை விழுங்கிவிடும். புது முதலீட்டாளர் வந்த கம்பெனி என்றால் இந்தக் கேள்வியைப் பங்கு மாற்றும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டிருக்க வேண்டும். இப்போதாவது கேளுங்கள்.

கிளை: வரிக்குரிய வருமானம் பூஜ்யம், ஆனாலும் மென்பொருள் வரி காட்டுகிறது. கம்பெனி 115பிஏஏ-இல் இல்லையென்றால் அது மேட்; புத்தக லாபத்தில் 15%. கோளாறு ஒன்றுமில்லை.

அறிகுறி 6: ரிட்டர்ன் போடும்போது எதிர்பாராத வட்டி

முன்கூட்டிய வரி ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் 100%. முதல் தவணையில் 12%, இரண்டாவதில் 36% எட்டியிருந்தால் வட்டி இல்லை என்ற சலுகை உண்டு. மொத்தத்தில் 90% கட்டாவிட்டால் ஏப்ரல் முதல் 234பி மாதம் 1% ஓடும். காரணங்கள்: மார்ச் தவணையை 31-ஆம் தேதி கட்டியது, டிடிஎஸ் வரும் என்று கழித்துக்கொண்டு அது வராமல் போனது, 43பி(எச்) கூட்டலை மதிப்பீட்டில் சேர்க்காதது. மூன்றாவதற்கு மார்ச் முதல் வாரத்தில் சிறுதொழில் பாக்கிப் பட்டியலை எடுப்பதுதான் வழி. பணம் கொடுத்தால் வரியே வராது, கொடுக்க முடியாவிட்டால் தவணையில் சேர்த்துக் கட்டலாம்.

அறிகுறி 7: 143(1) அறிவிப்பு வேறு தொகை கேட்கிறது

அறிவிப்பில் இரண்டு நிரல் இருக்கும்: நாம் காட்டியது, அவர்கள் கணக்கிட்டது. எந்த வரிசையில் முதல் வித்தியாசம் வருகிறது என்று மேலிருந்து கீழாகப் பாருங்கள். கீழே உள்ளவை அதன் விளைவுகளே.

வரிக் கழிவில் வித்தியாசம்: முதல் அறிகுறி, சலான் தலைப்பு. ஆவணம் சரியாக இருந்தால் பிரிவு 154-இல் இணையவழித் திருத்த மனு போதும்.

வருமானத்தில் வித்தியாசம்: பெரும்பாலும் 3சிடி அறிக்கையில் சொன்னதை ரிட்டர்னில் கூட்டவில்லை. பிஎஃப் தேதியும் 43பி-யும்தான் முதல் சந்தேகம். அறிவிப்புக்கு முன்பே விளக்கம் கேட்டு 30 நாள் அவகாசத்தோடு மின்னஞ்சல் வந்திருக்கும். அது பல வேளைகளில் ஓய்வுபெற்றுப் போன கணக்காளரின் முகவரிக்குப் போயிருக்கும். இணையதளத்தில் பதிவான முகவரியை மாற்றுங்கள்.

விகிதத்தில் வித்தியாசம்: இதுதான் செலவு மிகுந்தது. 22% என்று ரிட்டர்ன் போட்டுவிட்டு, அந்த விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் படிவம் 10-ஐசி-யைக் கெடுவுக்குள் போடாமல் விட்டிருப்பார்கள். ஒருமுறை போட்டால் போதும், ஆண்டுதோறும் தேவையில்லை. ஆனால் அந்த ஒருமுறை தவறினால் பழைய விகிதம். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வாரியமே 2022, 2023 சுற்றறிக்கைகள் மூலம் தாமதத்தைப் பொறுத்தது. பிந்தைய ஆண்டுகளுக்குத் தனித்தனியாக மன்னிப்பு மனு போட்டுப் போராட வேண்டும். இதைச் சொந்தமாகச் செய்ய முயலாதீர்கள்.

கணக்கில் என்ன எழுதுவது? கோரிக்கை சரியென்று ஒப்புக்கொண்டால் முந்தைய ஆண்டுகளுக்கான வரியாகச் செலவு. தவறென்று நம்பி எதிர்த்தால் செலவு எழுத வேண்டாம். குறிப்புகளில் நிகழக்கூடிய பொறுப்பாகக் காட்டுங்கள். மேல்முறையீடு முடியும்வரை வசூலை நிறுத்திவைக்கச் சாதாரணமாக 20% கட்டச் சொல்வார்கள். அதை வரிச் செலவில் தள்ளாமல், எதிர்ப்புடன் கட்டிய வரி என்று அந்த மதிப்பீட்டு ஆண்டின் பெயரிலேயே சொத்தாக வையுங்கள்.

143(2) (விரிவான பரிசீலனை) அல்லது 148 (மறுமதிப்பீடு) எண்ணிட்ட நோட்டீஸ் என்றால் இந்த வழிமுறையை மூடிவிட்டு அன்றே ஆடிட்டரை அழையுங்கள். மேல்முறையீட்டுக்குப் படிவம் 35, உத்தரவு கிடைத்ததிலிருந்து 30 நாள். திருத்த மனு போட்டிருக்கிறோமே என்று காத்திருந்தால் அந்த 30 நாள் நிற்பதில்லை. அதனால் மனு போடும் நாளிலேயே மேல்முறையீட்டுக் கெடுவையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.